தாமதமாக வந்த எச்சரிக்கை

படிக்கும் முன்: உங்கள் வீட்டிலுள்ள ஒரு கருவி சரியாக வேலை செய்யாவிட்டால், முதலில் என்ன செய்வீர்கள்?

பாட்டிக்குச் சில மாதங்களாக மறதி கூடிவருகிறது. சாப்பிட்டதை மறந்துவிடுவார். சில வேளைகளில், யாரிடமும் சொல்லாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவார். அதனால், எங்கள் வீவக வீட்டு வாசலில் அம்மா ஒரு கண்காணிப்புக் கேமராவைப் பொருத்தினார். யாராவது வாசலைக் கடந்தால், அம்மாவின் திறன்பேசிக்கும் அக்காவின் திறன்பேசிக்கும் அது எச்சரிக்கை அனுப்பும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான் அறையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அலுவலகத்திலிருந்து அம்மா பதற்றத்துடன் அழைத்தார்.

"தம்பி, பாட்டி வெளியே போய்விட்டார் போலிருக்கிறது. உடனே போய்ப் பார்!"

நான் ஓடிச்சென்று பார்த்தபோது தாழ்வாரத்தில் யாரும் இல்லை. மின்தூக்கி கீழே சென்றிருந்தது. படிகளில் இறங்கி ஓடினேன். சாலைக்கு அந்தப் பக்கம், பேருந்து நிறுத்தத்தில், பாட்டி தனியாக உட்கார்ந்திருந்தார். "உன் தாத்தா இந்தப் பேருந்தில்தான் வருவார்," என்றார். தாத்தா இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. நான் ஒன்றும் சொல்லாமல் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றிரவு அம்மா, "எச்சரிக்கை வந்தவுடனே உன்னை அழைத்தேனே! அதற்குள் அவர் எப்படிச் சாலையைக் கடந்தார்? இந்தக் கேமராவைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று வாங்க வேண்டும்," என்றார்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் அக்கா, "அவசரப்பட வேண்டாம், அம்மா. நேரம் எங்கே வீணாகிறது என்று முதலில் கண்டுபிடிப்போம்," என்றார்.

மறுநாள் மாலை அக்கா சோதனை செய்தார். சரியாக 4.10 மணிக்கு நான் வாசலைக் கடந்து நடந்தேன். கேமரா காட்சியைப் பதிவுசெய்யத் தொடங்க 8 வினாடிகள் ஆயின. அதன் பிறகு 17 வினாடிகள் கழித்து அக்காவின் திறன்பேசி ஒலித்தது. அம்மாவின் திறன்பேசி ஒலிக்க மேலும் 45 வினாடிகள் ஆயின. மொத்தம் 70 வினாடிகள்! மின்தூக்கி தயாராக நின்றால், அதற்குள் ஒருவர் கீழ்த்தளத்துக்கே போய்விடலாம்.

"எச்சரிக்கை ஒரே தாவலில் வருவதில்லை," என்று அக்கா விளக்கினார். "நம்முடைய கேமரா மின்கலத்தில் இயங்குகிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்த அது பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கும். உடல் வெப்பத்தின் அசைவை அதிலுள்ள உணரி கண்டுகொண்டதும் விழித்துக்கொள்ளும். பிறகு, வைஃபை வழியாக நிறுவனத்தின் கணினிக்குத் தகவல் அனுப்பும். அந்தக் கணினிதான் நம் திறன்பேசிக்கு எச்சரிக்கை விடுக்கும். இந்தப் பயணத்தில் எங்கே தடை ஏற்பட்டாலும் தாமதமாகும்."

அக்கா ஒவ்வொரு தடையாக நீக்கினார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், எது பலன் தந்தது என்று தெரியாது அல்லவா?

முதலில், அம்மாவின் திறன்பேசியைச் சோதித்தார். அதில் மின்கலச் சேமிப்பு முறை இயங்கிக்கொண்டிருந்தது. அது பின்னணியில் இயங்கும் செயலிகளின் தகவல்களைத் தாமதப்படுத்தும். கேமராவின் செயலிக்கு மட்டும் விலக்கு அளித்ததும், இரண்டு திறன்பேசிகளும் ஒன்றாக ஒலித்தன. 45 வினாடிகள் மிச்சமாயின.

அடுத்து, வைஃபை கருவியைப் பார்த்தார். அதற்கும் வாசலுக்கும் நடுவில், நாங்கள் சாமான் வைக்கும் காப்பறை இருந்தது. அவசரக் காலத்தில் தஞ்சம் புகுவதற்காகக் கட்டப்பட்ட அறை அது. அதன் தடித்த கான்கிரீட் சுவர்களும் எஃகுக் கதவும் வைஃபை அலைகளை வலுவிழக்கச் செய்தன. கருவியை அறைக்கு இந்தப் பக்கம் மாற்றியதும், 17 வினாடிகள் 5 ஆகக் குறைந்தன.

கடைசியாக, கேமராவின் கோணம். இத்தகைய உணரி, குறுக்கே நடப்பவரை எளிதில் கண்டுகொள்ளும். நேராக விலகிச் செல்பவரைச் சற்றுத் தாமதமாகவே கண்டுகொள்ளும். ஆகவே, கேமராவைச் சிறிது திருப்ப வேண்டியிருந்தது.

"எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாமா?" என்று கேட்டேன்.

"கூடாது. தாழ்வாரத்தை நோக்கிக் கேமரா பொருத்த 2023 மே மாதம் முதல் அனுமதி தேவையில்லை. ஆனால், அண்டை வீட்டாரின் கதவையோ சன்னலையோ அது நோக்கியிருக்கக்கூடாது. நமது பாதுகாப்பு மற்றவர்களுக்குத் தொல்லையாகிவிடக்கூடாது, தம்பி," என்றார் அக்கா.

மீண்டும் நான் நடந்தேன். எட்டே வினாடிகளில் எச்சரிக்கை வந்தது. அம்மா நிம்மதிப் பெருமூச்சு விட்டார்.

ஆனால் அக்கா, "இணையம் துண்டிக்கப்பட்டால் இந்த எட்டு வினாடி கணக்கும் தவறிவிடும். கேமரா செய்தி சொல்லும், பாட்டியின் கையைப் பிடித்து நிறுத்தாது," என்றார்.

அன்று மாலையே அம்மா பக்கத்து வீட்டாரிடம் பாட்டியின் நிலையைச் சொல்லி வைத்தார். நான் வாசல் கதவில் ஒரு சிறிய மணியைக் கட்டினேன். கதவு திறந்தால் அது உடனே ஒலிக்கும். இப்போது மணிச்சத்தம் கேட்டால், நான் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துவிடுவேன். "பாட்டி, நானும் வருகிறேன்," என்று சொல்லி அவருடன் நடப்பேன்.

சொற்பொருள்
உணரி – வெப்பம், ஒளி போன்ற மாற்றங்களைக் கண்டறியும் கருவி
விலக்கு – விதியிலிருந்து விடுபடும் சலுகை
காப்பறை – ஆபத்துக் காலத்தில் தஞ்சம் புகும் அறை

கருத்தறிதல்
1. எச்சரிக்கை தாமதமானதற்கான மூன்று காரணங்களைக் குறிப்பிடுக.
2. அக்கா ஏன் மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்தார்?
3. "கேமரா செய்தி சொல்லும், பாட்டியின் கையைப் பிடித்து நிறுத்தாது." இக்கூற்றை உன் சொந்த நடையில் விளக்குக.
4. பாட்டியின் பாதுகாப்புக்காக நீ வேறு என்ன செய்திருப்பாய்? குழுவில் கலந்துரையாடுக.