டெல்லிக்கு இரண்டு நாள் போகிறீர்களா?

முதலில் கிழமையைப் பாருங்கள். செங்கோட்டை, அட்சர்தாம், தாமரைக் கோயில், தேசிய அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. அன்றுதான் முடியும் என்றால் குதுப் மினார், ஹுமாயூன் சமாதி என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் எல்லா நாளும் திறந்திருக்கும்.

ஆட்டோக்காரரோடு பேரம் பேசி அலுக்காமல் மெட்ரோவில் போங்கள். 'லால் கிலா' நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் செங்கோட்டை பக்கத்திலேயே. குதுப் மினார் நிலையமோ பெயருக்குத்தான்! அங்கிருந்து ஆட்டோ பிடித்தாக வேண்டும்.

அட்சர்தாமுக்குள் செல்போன், கேமரா, பை எதுவும் கூடாது. ஒப்படைக்க ஒரு வரிசை, சோதனைக்கு இன்னொன்று. பணத்தை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மற்றதை அறையிலேயே விட்டுச் செல்வது புத்திசாலித்தனம்.

டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டத்தால் ரயிலும் விமானமும் தாமதமாவது சகஜம். கிளம்பும் முன் நேரத்தைச் சரிபாருங்கள்.