பரிந்துரையும் வாய்ப்பும்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பிரவார்டு என்னும் மாவட்டம் உள்ளது. அந்நாட்டின் மிகப்பெரிய பள்ளி நிருவாகங்களுள் ஒன்று அது. அங்குள்ள பள்ளிகளில் மீத்திறன் மாணவர்களுக்கெனத் தனி வகுப்புகள் உண்டு. அவற்றில் சேர, நுண்ணறிவு ஈவு 130 இருத்தல் வேண்டும். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும், ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கும் அவ்வரம்பு 116 எனத் தளர்த்தப்பட்டிருந்தது.

விதியை மட்டும் படிப்பவருக்கு இதில் குறை ஏதும் தோன்றாது. ஆனால், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மாவட்ட மாணவருள் பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்க வழியினருமாக இருந்தனர். மீத்திறன் உடையோர் எனக் கண்டறியப்பட்ட மூன்றாம் வகுப்பு மாணவருள் அவர்களது பங்கோ 28 விழுக்காடுதான். வரம்பைத் தளர்த்திய பின்னும் ஏன் இந்த நிலை?

பெயரைச் சொல்ல ஒருவர்

நுண்ணறிவுத் தேர்வை எழுதுவதற்கு முன்பே இன்னொரு வாயில் இருந்தது. ஆசிரியரோ பெற்றோரோ குழந்தையின் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும். பரிந்துரை இல்லையேல் தேர்வும் இல்லை. வசதியுள்ள பெற்றோர் தனியார் உளவியலாளரிடம் பணம் செலுத்தியும் பிள்ளையைச் சோதித்துக்கொள்ள முடிந்தது. அத்தகைய வகுப்பு இருப்பதையே அறியாத பெற்றோர் எதைக் கேட்பர்? ஆசிரியரின் கண்ணும் எல்லாரையும் ஒன்றுபோல் காண்பதில்லை. சரளமாக ஆங்கிலம் பேசி முந்திக்கொண்டு விடை சொல்லும் பிள்ளை எளிதில் தென்படும். வீட்டில் வேறு மொழி பேசிவிட்டு வகுப்பில் அமைதியாக அமர்ந்திருக்கும் பிள்ளை அவ்வாறு தென்படுவதில்லை. இதில் தீய எண்ணம் இருக்கவேண்டிய தேவையில்லை, பழக்கமே போதும்.

2005ஆம் ஆண்டில் மாவட்டம் இம்முறையை மாற்றியது. இரண்டாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் முதற்கட்டத் தேர்வு ஒன்று பள்ளியிலேயே நடத்தப்பட்டது. அது சொற்களைச் சாராமல், வடிவங்களின் ஒழுங்கைக் கண்டறியச் செய்யும் தேர்வு. அதில் தேறியோரை மாவட்டத்தின் உளவியலாளர்கள் கட்டணமின்றிச் சோதித்தனர். 130, 116 என்னும் வரம்புகள் அப்படியே இருந்தன.

பொருளியல் அறிஞர்கள் டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ ஆகியோர் இதன் விளைவை ஆராய்ந்தனர். மீத்திறன் உடையோராகக் கண்டறியப்பட்ட இலத்தீன் அமெரிக்க வழியினரின் அளவு 2 விழுக்காட்டிலிருந்து 6 ஆகவும், கறுப்பினத்தவரின் அளவு 1இலிருந்து 3 ஆகவும் உயர்ந்தது. வெள்ளையரிடையேயும் அது 6இலிருந்து 8 ஆயிற்று. பெண் பிள்ளைகளும் முன்பு குறைவாகவே பரிந்துரைக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. பிள்ளைகளின் அறிவு ஓராண்டில் பெருகிவிடவில்லை. அதுவரை எவரும் அவர்களிடம் கேள்வித்தாளை நீட்டவில்லை, அவ்வளவே.

இதனால் பயன்பெற்றோர் இன்னும் பலர். ஒரு பள்ளியின் நான்காம் வகுப்பில் மீத்திறன் மாணவர் ஒருவர் இருந்தாலும் தனி வகுப்புத் தொடங்கவேண்டும் என்பது அன்று மாவட்டத்தின் விதியாக இருந்தது. எஞ்சிய இடங்கள், முந்தைய ஆண்டில் உயர்ந்த மதிப்பெண் பெற்றோருக்கு வழங்கப்பட்டன. அவ்வாறு சேர்ந்த கறுப்பின, இலத்தீன் அமெரிக்க வழி மாணவர்கள் வாசிப்பிலும் கணக்கிலும் பெரிதும் முன்னேறினர். பொது வகுப்பில் இருந்தோருக்கும் அதனால் இழப்பு நேரவில்லை.

எல்லாருக்கும் ஒரே தேர்வு, ஒரே வரம்பு என்பது மட்டும் போதுமா? நியூயார்க்கு நகரம் 2008இல் அவ்வழியை மேற்கொண்டது. நான்கு வயதுக் குழந்தைகளுக்கும் தேர்வு வைத்தது. ஆனால், பெற்றோர் முன்வந்து கேட்டால் மட்டுமே குழந்தை தேர்வெழுத முடிந்தது. தேர்வுக்குப் பயிற்சியளிக்கும் தனியார் நிலையங்கள் பெருகின. ஏழைப் பகுதிக் குழந்தைகளின் இடங்களோ சுருங்கின.

நின்றுபோன தேர்வு

பிரவார்டின் திட்டத்திற்குச் செலவு இருந்தது. உளவியலாளர்கள் கூடுதல் நேரம் பணியாற்ற வேண்டியிருந்தது. பொருளாதார நெருக்கடியில் நிதி குறைந்தபோது, 2010இல் அனைவருக்குமான தேர்வு நிறுத்தப்பட்டது. பழைய பரிந்துரை முறை திரும்பியது; பழைய ஏற்றத்தாழ்வும் அதே அளவில் திரும்பியது. 2012இல் திட்டம் சில மாற்றங்களுடன் மீண்டும் வந்தது. இடைப்பட்ட காலத்தில் இரண்டாம் வகுப்பைக் கடந்த பிள்ளைகளுள் எத்தனை பேர் 116ஐத் தாண்டியிருப்பர்? அவர்கள் தேர்வே எழுதவில்லை. ஆதலால் அக்கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.