புலம்பெயர் பறவைகளும் வங்காலை ஈரநிலமும்

மாணவர்களே, "புலம்பெயர் பறவைகள் இலங்கைக்கு வருவதற்கான காரணம் யாது?" என்று கேட்டால் உங்களிற் பலர் "குளிரைத் தாங்க முடியாமையால்" என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறீர்கள். இது முற்றாகப் பிழையான விடையன்று. ஆனால் பாதி விடையே. இறகுப் போர்வையுள்ள பறவை குளிரை ஓரளவு தாங்கும். அதனால் தாங்க முடியாதது பசி.

வட சைபீரியாவின் தந்திரா நிலத்தில் கோடை மிகக் குறுகியது. அக்காலத்திற் பகல் நீண்டு, பனி உருகிச் சேறாகி, பூச்சிகள் பெருகும். உள்ளான் இனங்கள் அங்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது அதனாலேயே. பின்னர் நிலம் மீண்டும் உறைகிறது. உறைந்த சேற்றில் அலகை நுழைக்க முடியாது. உள்ளே இரையும் கிடைக்காது. ஆனால் பறவைகள் நிலம் உறையும் வரை காத்திருப்பதில்லை. பகலின் நீளம் குறைவதே அவற்றுக்கு அறிவிப்பு. அப்போது நிறைய உண்டு உடலிற் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. அக்கொழுப்பே பயணத்துக்கான எரிபொருள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இலங்கையில் இலையுதிர் காலம் என்றொரு பருவம் இல்லை. பறவைகள் புறப்படும் நாட்டுக்கே அது இலையுதிர் காலம். அவை வந்து சேரும் மன்னாரில் அது மாரி மழைக்கு முந்திய வரண்ட காலம். விடையில் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இனி இடத்தைப் பார்ப்போம். மதவாச்சி – தலைமன்னார் வீதியில், மன்னார்த் தீவுக்குச் செல்லும் பாலத்தை அடைவதற்கு முன்னர் காணப்படும் ஆழமற்ற கடனீரேரி, உவர்ச் சேற்று நிலம், புல்வெளி ஆகியன சேர்ந்ததே வங்காலைச் சரணாலயம். பரப்பு 4,839 ஹெக்டேயர். 2008 இல் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டு, 2010 இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. (ராம்சார் சமவாயம் 1971 பெப்ரவரி 2 இல் ஈரானிய நகரான ராம்சாரிற் கைச்சாத்தானது. இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலம் பூந்தல, 1990. இவ்விரண்டையும் மாற்றி எழுதுவோர் அதிகம்.)

பயணத் தூரத்தை நீங்களே கணிக்கலாம். ஒரு பாகை அகலக்கோட்டு இடைவெளி ஏறத்தாழ 111 கிலோமீற்றர். 70 பாகை வடக்கிலிருந்து 9 பாகை வடக்கிலுள்ள மன்னாருக்கு 61 பாகை; 61 × 111 = 6,771 கிலோமீற்றர். இது நேர்கோட்டுத் தூரம் மட்டுமே. உண்மைப் பாதை இதனிலும் நீண்டது. இதனைப் பறந்து வரும் கொசு உள்ளானின் நிறை 20 – 30 கிராம். மத்திய ஆசியப் பறப்புப் பாதையின் தென்கோடியில் இலங்கை அமைந்துள்ளது. இதற்கப்பால் தெற்கே நெடுந்தூரத்துக்கு இந்து சமுத்திரமே.

எல்லாப் பறவைகளும் ஒரே நாளில் வருவதில்லை. சேற்றில் இரை தேடும் கரைப் பறவைகள் ஓகஸ்ட் கடைசியிலேயே வரத் தொடங்கும். அப்போது மன்னார் காய்ந்து கிடந்தாலும், கடல் ஏறி வற்றும் ஓரங்களில் ஈரச் சேறு இருக்கும். ஒக்டோபர், நவம்பரில் இரண்டாம் இடைப்பருவ மழை பெய்து பள்ளங்கள் நிரம்பிய பின்னரே ஊசிவால் வாத்து, நாமத்தலை வாத்து போன்றவை பெருங் கூட்டமாகத் தங்கும். ஆகவே பறவைகளின் வருகையை வடக்கின் பருவத்தோடு மட்டுமன்றி, இங்குள்ள மழைவீழ்ச்சியோடும் தொடர்புபடுத்தி எழுதுங்கள்.

பல உள்ளான் இனங்களில் பெற்றோர் முதலிற் புறப்பட்டுவிடும். அவ்வாண்டிற் பொரித்த குஞ்சுகள் சில வாரங்கள் கழித்து, வழிகாட்ட எவருமின்றி, தாம் கண்டிராத இடத்துக்கு வருகின்றன. திசையை அவை கற்பதில்லை, பரம்பரையாகப் பெறுகின்றன. இதனை வகுப்பிற் சொல்லும்போது பின்வாங்கில் இருப்பவர்களும் நிமிர்ந்து உட்காருவதைக் கண்டிருக்கிறேன்.

இத்தனை இனங்கள் ஒரே சேற்றில் எவ்வாறு பசியாறுகின்றன? அலகைப் பாருங்கள். கொசு உள்ளானின் அலகு சுமார் 2 சென்ரிமீற்றர். அது மேற்பரப்பில் பொறுக்கும். கருவால் மூக்கன் அதனைவிடப் பன்மடங்கு நீண்ட நேர் அலகால் ஆழத்திலுள்ள புழுக்களை எடுக்கும். பூநாரை அலகைத் தலைகீழாக நீரிலிட்டு நுண்ணுயிர்களை வடித்து உண்ணும். நீர்மட்டம் சில அங்குலம் கூடினாலே குறுங்காற் பறவைகளுக்கு அவ்விடம் பயனற்றுப் போகும்.

வரித்தலை வாத்தைப் பற்றியும் கேட்பீர்கள். மொங்கோலியா, திபெத் பகுதிகளிற் குஞ்சு பொரித்து, இமயமலையைக் கடந்து வரும் இப்பெருவாத்து 7,000 மீற்றருக்கு மேலும் பறந்தமை பதிவாகியுள்ளது. தமிழ்நாட்டின் கூந்தன்குளத்துக்கு அது வழமையாக வரும். மன்னாருக்கு வருவது மிக அரிது. ஆகையால் இலங்கைக்கான உதாரணமாக இதனை முதலில் எழுத வேண்டாம்.

"பாதுகாத்தல்" என்ற பகுதியில் "மரம் நட வேண்டும்" என்று எழுதுவோர் உளர். திறந்த சேற்று வெளியில் மரம் நட்டால் கரைப் பறவைகளுக்கு அவ்விடம் உதவாது. பதுங்கி வரும் எதிரியைக் காண அவற்றுக்குத் திறந்த வெளி வேண்டும். நீரோட்டத்தை மறிக்காமை, நிலத்தை நிரப்பாமை, குப்பை கொட்டாமை, வேட்டையைத் தடுத்தல் என எழுதுங்கள். மன்னார்த் தீவில் 2020 இல் 30 காற்றுச் சுழலிகளுடன் காற்றாலை ஒன்று இயங்கத் தொடங்கியது. மேலதிகக் கோபுரங்களுக்கு எதிராக 2025 இல் மன்னார் மக்கள் போராடினர். காற்று மின்சாரம் எரிபொருட் செலவையும் புகையையும் குறைக்கும். அதே காற்றுவெளி பறவைகளின் பாதையுமாகும். சுழலியில் மட்டுமன்றி, மின்கம்பிகளிலும் பெரிய பறவைகள் மோதக்கூடும். இரு பக்கத்தையும் எழுதிய பின்னரே உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். எக்கருத்தாயினும் பரவாயில்லை, காரணம் இருக்க வேண்டும்.

பயிற்சி: வங்காலைக்கு செப்ரெம்பரில் ஒரு முறையும் டிசம்பரில் ஒரு முறையும் செல்லும் மாணவன் ஒருவன் வெவ்வேறு பறவைக் கூட்டங்களைக் காண்கிறான். இவ்வேறுபாட்டுக்கான காரணங்கள் மூன்றினை விளக்குக.