தணிக்கைக்காகக் காய்ச்சல் காத்திருக்காது

ஐப்பசி மழை இறங்கிவிட்டது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மொட்டமலையில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இப்போது முதல் வேலை தண்ணீர் டிரம்மைக் கழுவுவதுதான். குடிதண்ணீரைப் பிடித்துவைக்காமல் முடியாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், அந்த நல்ல தண்ணீரே போதும். வாரம் ஒருநாள் டிரம்மைக் கவிழ்த்து, உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள். தண்ணீர் நின்ற கோட்டை ஒட்டிக் கொசுமுட்டை பிடித்திருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. கழுவிப் பிடித்ததும் வாயைப் பழைய வேட்டியால் இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

காய்ச்சல் அடித்தால் மெடிக்கலில் ‘செட் மாத்திரை’ வாங்கிப் போடாதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று போடுகிறவருக்குத் தெரியாது. டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரினும் புரூஃபெனும் ரத்தக் கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும் கொடுத்து, கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று குடிக்க வைத்து, அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். கர்ப்பிணி, கைக்குழந்தை என்றால் ஒருநாள்கூடப் பொறுக்க வேண்டாம். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தானது. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள்.

முகாமில் மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போட இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று கூலி. பெயின்ட் வேலைக்கு வெளியூர் போகிறவர் ஒருநாள் சம்பளத்தை விட யோசிப்பார். இன்னொன்று தணிக்கை, அதாவது அதிகாரிகள் முகாமுக்கு வந்து ஆள் சரிபார்ப்பது. ஆள் இல்லையென்றால் பதிவில் சிக்கல் வருமோ என்று, “செக்கிங் முடியட்டும், போவம்” என்று காய்ச்சலோடு படுத்திருப்பவர்கள் உண்டு. 1983க்குப் பிறகு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் இதே கவலை என்பது கொடுமைதான். பெட்டில் சேர்த்ததும் அட்மிஷன் சீட்டைப் படம் எடுத்து, அன்றைக்கே முகாம் தலைவருக்கும் வருவாய் ஆய்வாளருக்கும் (ஆர்.ஐ.) அனுப்பிவிடுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பணி மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: முகாமிலிருந்து வந்தவர் என்று தெரிந்தால், அவர் கேட்கும்வரை காத்திராமல் சேர்த்த தேதியிட்டு ஒரு சான்று எழுதிக் கொடுங்கள். உங்களுக்கு இரண்டு நிமிட வேலை.

அதோடு, அண்மையில் எந்தெந்த ஊரில் வேலை பார்த்தார் என்றும் கேளுங்கள். மலேரியா பரிசோதனை வேண்டுமா என்று முடிவுசெய்ய அது உதவும். காலில் வெட்டுக்காயத்தோடு சேற்றுத் தண்ணீரில் நின்றிருந்தால் எலிக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும். பேண்டேஜ் துணிக்குப் பேர்போன சத்திரப்பட்டி பக்கத்தில்தான் இருக்கிறது; இங்கே காயத்தைக் கட்டாமல் விடுவதற்குச் சாக்கு இல்லை.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை தீரும்வரை காத்திராதீர்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர் வரும்போதே கேட்டு வாங்கிவையுங்கள்.

அரசு மருத்துவமனையில் காய்ச்சல் சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டை தேவையில்லை. ஆனால் பெரிய அறுவை சிகிச்சை என்று வந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை கைகொடுக்கும். முகாம்வாசிகளுக்கு அதில் வருமான உச்சவரம்பு கிடையாது. இன்னும் எடுக்காதவர்கள், மழை விட்ட ஒருநாளில் முகாம் அடையாள அட்டையோடு விருதுநகர் ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போய்க் கேளுங்கள். ராத்திரியில் சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.