நீர்ப்பம்பியும் மேட்டுக் காணியும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதி, மாத்தளையைக் கடந்ததும் பலாபத்வல ஊடாகத்தான் போகிறது. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து அவ்வீதி வழியே இப்பக்கம் வந்த கமக்காரக் குடும்பங்களுக்கு நீரிறைக்கும் இயந்திரம் புதியதல்ல. குடாநாட்டில் துலாவின் வேலையை 1950களுக்குப் பின் படிப்படியாக ஏற்றுக்கொண்டது இவ்வியந்திரமே. ஆயினும் அங்கே குறையின்றி இறைத்த பம்பி, இங்கே ஓடைக்கரையில் வைத்ததும் இளைத்துப் போகலாம். நகையை அடகு வைத்து வாங்கிய இயந்திரம் பழுது என்று எண்ணி, இன்னொன்றுக்குக் கடன்படுவோரும் உண்டு. பெரும்பாலும் குறை இயந்திரத்தில் இல்லை. அதை வைத்த இடத்திலும் பூட்டிய குழாயிலும் இருக்கிறது. இதை விளங்கிக்கொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

1. பம்பி எப்படி வேலை செய்கிறது?

நனைந்த குடையைச் சுழற்றினால் நீர்த்துளிகள் வெளிப்புறமாகத் தெறிக்கும். பம்பியின் உள்ளே சுழலும் விசிறியும் இதையே செய்கிறது. நடுவிலுள்ள நீரை ஓரத்துக்கு வீசுகிறது. அதனால் நடுவில் அமுக்கம் குறைகிறது. அப்போது வெளியிலுள்ள காற்றின் அமுக்கம், கிணற்று நீரை உறிஞ்சு குழாய் வழியே மேலே தள்ளிவிடுகிறது. ஆகவே நீரைக் கீழிருந்து ஏற்றுவது உண்மையில் காற்றுத்தான்.

காற்று நீரைவிட ஏறக்குறைய 800 மடங்கு இலேசானது. உள்ளே காற்று மட்டும் இருந்தால் விசிறி எவ்வளவு சுழன்றாலும் பயனில்லை. எனவேதான் முதலில் பம்பிக்குள் நீர் நிரப்புகிறோம். நீரின்றி ஓடவிட்டால் அச்சிலுள்ள சீல் சூடேறிக் கருகிவிடும்.

2. உறிஞ்சும் உயரத்துக்கு எல்லை உண்டு

கடல் மட்டத்தில் காற்றின் அமுக்கம் நீரை அதிகபட்சம் 10.3 மீற்றர் மட்டுமே உயர்த்தும். மாத்தளை கடல் மட்டத்திலிருந்து சுமார் 360 மீற்றர் உயரத்தில் இருப்பதால் இங்கே இன்னும் 0.4 மீற்றர் குறைகிறது. குழாயின் உராய்வையும் கழித்தால், நடைமுறையில் 6 முதல் 7 மீற்றர் வரையே நம்பலாம். 2 குதிரைவலு இயந்திரத்துக்கும் 10 குதிரைவலு இயந்திரத்துக்கும் இந்த எல்லை ஒன்றே. பெரிய இயந்திரம் வாங்குவதால் ஆழக் கிணறு அருகில் வந்துவிடாது.

இங்கேதான் உயிராபத்தும் இருக்கிறது. நீர்மட்டம் கீழே போனதும் பெற்றோல் அல்லது மண்ணெண்ணெய் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்குவது சிலரின் வழக்கம். புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கிணற்றில் இறங்கியவர் மயங்கி விழுவார்; தூக்கப் போனவரும் விழுவார். எஞ்சினைக் கிணற்றுக்குள் ஒருபோதும் இறக்க வேண்டாம். ஆழக் கிணற்றுக்கு, நீரில் மூழ்கி இயங்கும் மின்பம்பியே ஏற்றது. ஓடையில் இறைப்போர் பம்பியைக் கரையின் மேலே வைக்காமல், திறந்த வெளியில் நீருக்கு அருகே தாழ்வாக வையுங்கள். நீரை உறிஞ்சுவதைவிடத் தள்ளுவதே பம்பிக்கு இலகு.

3. தள்ளும் உயரமும் உராய்வும்

2 அங்குலப் பம்பி ஒன்றில் “30 மீற்றர், நிமிடத்துக்கு 600 லீற்றர்” என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். இவை இரண்டும் ஒரே நேரத்தில் கிடைப்பவை அல்ல. 600 லீற்றர் வருவது உயரமே இல்லாதபோது. 30 மீற்றரில் நீர் ஏறி நின்றுவிடும். வெளியே ஒரு துளியும் வராது.

குடாநாட்டுச் சமநிலத்தில் 6 மீற்றர் ஆழக் கிணற்றிலிருந்து இறைத்து வாய்க்காலில் விட்டால், உராய்வுடன் மொத்தச் சுமை 8 மீற்றர் அளவே. நிமிடத்துக்கு 500 லீற்றர் வரை கிடைக்கும். இங்கே ஓடையிலிருந்து பம்பிக்கு 3 மீற்றர், பம்பியிலிருந்து தோட்டத்துக்கு 12 மீற்றர் ஏற்றம், 60 மீற்றர் நீளமான 2 அங்குலக் குழாய் என்று வைத்துக்கொள்வோம். உராய்வு மட்டுமே 8 மீற்றருக்குச் சமன். மொத்தம் 23 மீற்றர். அதே பம்பி இப்போது 290 லீற்றர் அளவே தரும்.

இதில் தள்ளு குழாயை மட்டும் 3 அங்குலமாக மாற்றினால் நீர் கால் பங்குக்குக் குறையாமல் கூடும். மலிவென்று ஒன்றரை அங்குலக் குழாய் வாங்கினாலோ, அதே அளவு நீருக்கு உராய்வு நான்கு மடங்காகும். குழாயில் மிச்சம்பிடித்த பணம் எரிபொருளில் போய்விடும். 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

4. எஞ்சினின் வேகம்

வேகத்தைப் பாதியாக்கினால் நீரின் அளவு பாதியாகும். தள்ளும் உயரமோ கால் பங்காகிவிடும். முக்கால் வேகத்தில் 30 மீற்றர், 17 மீற்றராகக் குறையும். சமநிலத்தில் இப்படி ஓட்டி எண்ணெயை மிச்சம்பிடிக்கலாம். 15 மீற்றர் ஏற்ற வேண்டிய மேட்டுக் காணியில், எண்ணெய் எரியும். நீர் மெலிந்த தாரையாகவே வரும். அங்கே முழு வேகத்தில் குறைந்த நேரம் ஓட்டுவதே சிக்கனம்.

5. கிணற்றின் குணம்

குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லில் நீர் விரைவாக ஊறும். அளவுக்கு மீறி இறைத்தால் உவர் ஏறும். மாத்தளைப் பக்கம் அடியில் கடும்பாறை. அதன் மேலுள்ள உக்கிய படையில் தேங்கும் நீர் மெதுவாகவே ஊறும். அளவுக்கு மீறினால் கிணறு வற்றி, பம்பி காற்றை உறிஞ்சும். ஆகவே காலையில் சிறிது, மாலையில் சிறிது என இறையுங்கள். புட்வால்வு எப்போதும் ஒரு முழமாவது நீருக்குள் இருக்கட்டும்.

செய்து பாருங்கள்

- மேசன்மார் பாவிக்கும் நீர்மட்டக் குழாயால், பம்பி வாங்குமுன் ஓடையிலிருந்து காணியின் உயரத்தை அளவுங்கள்.
- 200 லீற்றர் பரல் நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். 40 வினாடி என்றால் நிமிடத்துக்கு 300 லீற்றர்.
- நீர் குறைந்தால் முதலில் புட்வால்வில் குப்பை, உறிஞ்சு குழாயின் மூட்டுகளில் காற்றுக் கசிவு, குழாய் நடுவில் மேடாக வளைந்திருத்தல் ஆகியவற்றைப் பாருங்கள்.

கலந்துரையாடுவதற்கு

கால் ஏக்கர் மரக்கறிக்கு வெயில் நாளில் ஏறக்குறைய 5,000 லீற்றர் நீர் போதும். மேலே கண்ட மேட்டுக் காணியில்கூட இது 20 நிமிட வேலைதான். அப்படியானால் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே கடன்பட்டுப் பம்பி வாங்க வேண்டுமா? நான்கைந்து குடும்பங்கள் ஒரு பம்பியையும் நல்ல 3 அங்குலக் குழாயையும் பொதுவாக வாங்கினால், முறை வைப்பதையும் எண்ணெய்க் கணக்கையும் திருத்தச் செலவையும் எப்படி ஒழுங்குசெய்வீர்கள்? உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் பேசித் தீர்மானியுங்கள்.