வாய்க்கால் சேறு எக்ஸ்ரேயில் தெரியாது

அன்புள்ள தம்பிக்கு,

சிதம்பரத்தில் எலும்பு சிகிச்சைப் பிரிவில் சேர்ந்துவிட்டதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில் பக்கத்து விபத்துகள் இனி உன்னிடம்தான் வரும். வீராணம் ஏரிப் பக்கம் பைக் சறுக்கி வாய்க்காலில் விழுந்தவனின் முழங்காலுக்குக் கீழ் எலும்பு, தார்ச்சாலையில் விழுந்தவனுடையதைப் போலவே உடைந்திருக்கலாம். எக்ஸ்ரேயில் வித்தியாசம் தெரியாது. தோல் கிழிந்து சேறு புகுந்த கால்தான் பின்னால் சீழ் பிடிக்கும்.

அதனால் படத்தைத் தூக்கிப் பார்க்குமுன் கூட வந்தவரைக் கேள். எங்கே விழுந்தார், எத்தனை மணிக்கு? வழியில் வேறெங்காவது காட்டித் தையல் போட்டார்களா? காயத்தில் மஞ்சளோ காப்பித்தூளோ அப்பினார்களா? சர்க்கரைக்கு மாத்திரை உண்டா? கேட்கும்போதே ஆன்டிபயாடிக் ஊசி ரத்தக் குழாயில் ஏறிக்கொண்டிருக்கட்டும். விபத்து நடந்து ஒரு மணி நேரத்துக்குள் அது போய்ச் சேர்ந்தால் நல்லது. 108 ஆம்புலன்ஸ் வந்து சேரவே நேரமாகிவிடும் என்பதால் உன் பங்கில் ஒரு நிமிடமும் வீணாகக் கூடாது.

ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் தியேட்டர் என்று மனப்பாடம் செய்திருப்பாய். பின்னால் வந்த ஆய்வுகளில் அந்த எண் உறுதியாக நிற்கவில்லை. நள்ளிரவில் தனியாக அரைகுறையாய்ச் சுத்தம் செய்வதைவிட, விடிந்ததும் மூத்தவரையும் பிளாஸ்டிக் சர்ஜனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செத்த தசையை முழுக்க வெட்டி எடுப்பது மேல். ஆனால் வயல் சேறு, வாய்க்கால் தண்ணீர், சாக்கடை பட்ட காயம் விடியும்வரை காத்திருக்காது. கழுவ வெறும் சலைன் போதும். 2015இல் வெளியான பெரிய ஆய்வில் சோப்புக் கரைசலால் கழுவியவர்களுக்குத்தான் மறு அறுவை அதிகம் தேவைப்பட்டது. காயம் எந்த கிரேடு என்பதையும் சுத்தம் செய்து முடித்த பிறகே எழுது. கேஷுவாலிட்டியில் சின்ன ஓட்டையாகத் தெரிவது உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது.

கோவை கங்கா மருத்துவமனையில் டாக்டர் ராஜசேகரன் குழு தோல் கிழிந்த எலும்பு முறிவுகளுக்காக 2006இல் வெளியிட்ட மதிப்பெண் முறையை நீ கரைத்துக் குடித்திருக்க வேண்டும். தோல், எலும்பு, தசை-நரம்பு மூன்றுக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை. அதன்மேல் 12 மணி நேரத் தாமதம், சாக்கடை அல்லது தொழுவ அழுக்கு, 65க்கு மேல் வயது, மருந்து சாப்பிடும் சர்க்கரை நோய், 90க்குக் கீழே போன ரத்த அழுத்தம் போன்ற ஒவ்வொன்றுக்கும் 2. மொத்தம் 14 வரை காலைக் காப்பாற்றலாம், 17ம் அதற்கு மேலும் என்றால் எடுத்துவிடுவதே நல்லது. நடுவில் வரும் 15, 16இல் வீட்டாரை உட்கார வைத்துப் பேசு. ஒரே காலுக்குப் பல அறுவைகளும் கடனும் காத்திருக்கின்றன என்பதை மறைக்காதே. பீடி அந்தப் பட்டியலில் இல்லை, நீ சேர்த்துக்கொள். புகைப்பவர்களின் எலும்பு ஒன்றுசேரத் தாமதமாகும், சீழும் கூடுதல்.

இன்னொன்று, உன் ஊர்ப்பக்கத்துக்கே உரியது. லால்பேட்டையில் வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவன் அடிபட்டால், விசா தேதிதான் அவனுக்கு முதல் கவலை. எலும்பு ஒன்றுசேரப் பல மாதம் ஆகும், அவன் அதற்கு முன்பே விமானம் ஏறிவிடுவான். திட்டிப் பயனில்லை. எந்தக் கம்பி, என்றைக்குப் போட்டது, கல்ச்சரில் எந்தக் கிருமி வளர்ந்தது, எந்த மருந்துக்கு அடங்கியது என்பதை டிஸ்சார்ஜ் தாளில் தெளிவாக எழுதி, எக்ஸ்ரேக்களையும் அவன் போனில் ஏற்றி அனுப்பு. துபாயிலோ குவைத்திலோ சீழ் வடிந்தால் அங்குள்ள டாக்டர் அதை வைத்துத்தான் தொடங்குவார்.

அன்புடன்,
உன் அண்ணன்