குடும்பப் பூங்காவில் பேய் இரவு: நடத்தலாமா? நாம் போகலாமா?

அக்டோபர் மாதம் பிறந்தால் நம்ம ரெம்பாவ் வட்டாரக் கிளைகளில் இரண்டு பேச்சு சேர்ந்தே வரும். ஒன்று தீபாவளி ஏற்பாடு. இன்னொன்று, "அண்ணே, இந்த வருஷம் ஹாலோவீனுக்கு தீம் பார்க் போலாமா? பஸ் எடுத்துட்டா எல்லாரும் வருவாங்க" என்ற கேள்வி. 2024-இல் இரண்டும் ஒரே நாளில் விழுந்தன. தீபாவளி அக்டோபர் 31, ஹாலோவீனும் அக்டோபர் 31.

இந்தக் கேள்விக்கு வழக்கமாக இரண்டு பதில்தான் கிடைக்கும். பெரியவர்கள், "அது வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கு எதுக்கு?" என்பார்கள். இளைஞர்கள், "சும்மா ஜாலிக்குத்தானே" என்பார்கள். இரண்டுமே யோசிப்பதற்கு முன்பே வாயில் வந்துவிடுகிற பதில்கள். இந்த மாதப் பாடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். குழந்தை குட்டியோடு குடும்பம் போகிற கேளிக்கைப் பூங்கா, பயமுறுத்தும் நிகழ்ச்சி நடத்துவது சரியா? நடத்தினால் எப்படி நடத்த வேண்டும்? நம் கிளை பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

1. முதலில் விவரம் தெரிந்துகொள்வோம்

ஹாலோவீன் அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்துப் பழைய பழக்கம். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாளில், இறந்தவர்களின் ஆவி வீடு தேடி வரும் என்று நம்பினார்கள். கிறிஸ்துவம் வந்தபின் அது நவம்பர் 1-ஆம் தேதி வரும் புனிதர்கள் திருநாளின் முந்தைய இரவாக ஆனது. 19-ஆம் நூற்றாண்டில் பிழைப்புத் தேடி அமெரிக்கா போன ஐரிஷ் மக்கள் அதைக் கூடவே கொண்டு போனார்கள். ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், அங்கே பூசணிக்காயைக் குடைந்தார்கள்.

கேளிக்கைப் பூங்காக்கள் இதைப் பிடித்துக்கொண்டது பிறகுதான். கலிபோர்னியாவில் இருக்கும் நாட்ஸ் பெரி ஃபார்ம் ஒரு குடும்பப் பூங்கா. அங்கே 1973-இல் முதல் பேய் இரவு நடந்தது. பள்ளி விடுமுறை முடிந்து கூட்டம் குறையும் மாதத்தில், இருக்கிற இடத்தையே இரவில் திறந்து தனி டிக்கெட் விற்கலாம் என்பது நல்ல வியாபாரம். மற்ற பூங்காக்களும் அதே வழியில் போயின. சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் 2011-இல் தொடங்கியது. நம் நாட்டில் பண்டார் சன்வேயில் இருக்கும் சன்வே லகூன் 2013-இல் 'நைட்ஸ் ஆஃப் ஃப்ரைட்' என்ற பெயரில் தொடங்கியது. பகலில் தண்ணீர் விளையாட்டு, இரவில் பேய் மாளிகை, இருட்டுப் பாதை, வேடம் போட்டு மேலே வந்து விழும் ஆட்கள்.

ஆகவே இது யாருடைய சமயத்தையும் பரப்ப வந்த நிகழ்ச்சி இல்லை. டிக்கெட் விற்க வந்த நிகழ்ச்சி. இந்த ஒரு விஷயம் புரிந்தாலே பாதிச் சண்டை குறையும்.

2. நம் மாநிலத்தில் நடந்த ஒன்று

இந்த விவாதம் நெகிரி செம்பிலானுக்குப் புதிது இல்லை. 2007-இல் சிரம்பானில், மாநில அருங்காட்சியகத்தில் பேய், பூதம் பற்றிய ஒரு கண்காட்சி நடந்தது. கூட்டம் அலைமோதியது. அந்த ஏப்ரலில் தேசிய ஃபத்வா மன்றம், இப்படிப்பட்ட கண்காட்சிகள் முஸ்லிம்களுக்கு ஆகாது, மூடநம்பிக்கையை வளர்க்கும் என்று முடிவு சொன்னது. கண்காட்சி மூடப்பட்டது.

அந்த முடிவு முஸ்லிம் சகோதரர்களுக்கு உரியது. நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதிலிருந்து நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அவர்கள் தங்கள் சமயத்தில் இதற்கு என்ன இடம் என்று பார்த்துச் சொல்லிவிட்டார்கள். நாம் பார்த்திருக்கிறோமா? "இந்து சமயம் என்ன சொல்லுது?" என்று ஒரு படிவம் 3 மாணவன் கேட்டால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்வோம்?

3. பேயும் பயமும்: நம்மிடம் என்ன இருக்கிறது?

பேய் என்ற சொல்லைக் கேட்டதும் ஒதுங்கிப்போகிற சமயம் இல்லை நம்முடையது. 63 நாயன்மார்களில் ஒருவரான காரைக்கால் அம்மையார், இளமையும் அழகும் வேண்டாம் என்று இறைவனிடம் பேய் வடிவம் கேட்டு வாங்கியவர். அவர் பாடிய திருவாலங்காட்டுப் பதிகத்தில் சுடுகாடும், எரியும் பிணமும், கூத்தாடும் பேய்களும் வருகின்றன. அத்தனைக்கும் நடுவில் சிவபெருமான் ஆடுகிறார். செயங்கொண்டாரின் கலிங்கத்துப் பரணியில் போர்க்களத்துப் பேய்கள் கூழ் சமைத்துச் சாப்பிடுகின்றன. படித்தால் பயமும் வரும், சிரிப்பும் வரும்.

தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டு என்கிறது. அதில் அச்சமும் ஒன்று. அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்றும் பிரித்துச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அணங்கு என்றால் வருத்தும் தெய்வ சக்தி. இறை என்றால் தலைவன், அரசன். பயத்தை ஒரு கலைச் சுவையாகத் தமிழன் அப்போதே ஏற்றுக்கொண்டிருக்கிறான். ஆகவே "பயந்து ரசிப்பது நம்ம பண்பாடே இல்லை" என்று சொல்ல முடியாது.

தோட்டத்துக்கு வருவோம். நம்ம தாத்தா பாட்டி விடியுமுன்னே நெத்தி விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் காட்டுக்குள் இறங்கியவர்கள். புலி, பாம்பு, காட்டுப்பன்றி, இருட்டு, எல்லாமே நிஜம். வாழைத்தோப்புப் பொந்தியானா கதை கேட்டு நடுங்கியவர்களும் அவர்கள்தான். தோட்டத்து எல்லையில் முனீஸ்வரனுக்கும் மதுரை வீரனுக்கும் ஒரு கல்லை நட்டுக் கும்பிட்டார்கள். அந்தச் சாமிகளின் உருவத்தைப் பாருங்கள்: முறுக்கு மீசை, உருட்டின கண், கையில் அரிவாள். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கோபம் பிள்ளைகளை நோக்கி இல்லை. "நீ போ, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்கிற உருவம் அது.

இங்கேதான் பாடத்தின் மையம் இருக்கிறது. நடராசர் சிலையில் முன்பக்க வலக்கை அபயம் காட்டும், அஞ்சாதே என்று. பகவத் கீதை 16-ஆம் அத்தியாயம் தெய்வ குணங்களை வரிசைப்படுத்தும்போது முதலில் வைப்பது பயமின்மையை. நம் மரபில் பயங்கரம் உண்டு. ஆனால் அது பயத்தைக் கடந்து தைரியத்தில் கொண்டுபோய் விடும். எனவே ஒரு பேய் இரவைப் பார்த்து நாம் கேட்க வேண்டியது, "இது அந்நியப் பண்டிகையா?" என்பதை விட, "பிள்ளை வெளியே வரும்போது தைரியம் கூடி வருகிறானா, குறைந்து வருகிறானா?" என்பதுதான்.

4. எந்த வயதுக்கு எந்தப் பயம்?

17 வயதுப் பையன் பேய் மாளிகைக்குள் போனால் கத்துவான், நண்பன் சட்டையைப் பிடிப்பான், வெளியே வந்து சிரிப்பான். நெஞ்சு படபடத்தாலும், இது நாடகம் என்று அவன் மூளைக்குத் தெரியும். தெரிந்தே பயப்படுவதில் ஒரு சுகம் இருக்கிறது. ராட்டினத்தில் ஏறுவதும் அதே கதைதான்.

5 வயதுக் குழந்தைக்கு அந்த வேலி இன்னும் கட்டப்படவில்லை. அந்த வயதில் கற்பனைக்கும் நிஜத்துக்கும் கோடு தெளிவாக இருக்காது. ரத்தம் சாயம் என்று நாம் சொல்லலாம். அது காதில் விழும், மனதில் பதியாது. பல நாள் தனியாகப் பாத்ரூம் போகமாட்டான், தூக்கத்தில் அலறுவான். "ஆம்பளப் புள்ள பயப்படலாமா?" என்று பெரியவர்கள் கேலி செய்தால் இன்னும் மோசம். பயந்ததோடு, பயந்ததற்காக வெட்கமும் சேர்ந்துகொள்ளும்.

குடும்பப் பூங்கா என்ற பெயருக்கு இங்கேதான் பொறுப்பு வருகிறது. அந்தப் பெயரை நம்பித்தான் ஒரு அம்மா மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார். மூத்தவனுக்கு 15, கடைசிக்கு 4. "பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும்" என்று பூங்கா கைகழுவ முடியாது. வாசலில் நின்று வயது கேட்பது, பகல் நேரத்திலும் குழந்தைகள் நடக்கும் பாதையிலும் தொங்கும் பிணப் பொம்மைகளை வைக்காமல் இருப்பது, இதெல்லாம் பூங்காவின் வேலை.

5. இருட்டில் மறைந்திருக்கும் உண்மையான ஆபத்து

1984 மே 11 அன்று அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வெஞ்சர் பூங்காவில், பேய் மாளிகைக்குள் தீப்பிடித்தது. லாரி டிரெய்லர்களை இணைத்துக் கட்டிய மாளிகை அது. தானாகத் தண்ணீர் தெளிக்கும் வசதியோ புகை எச்சரிக்கைக் கருவியோ இல்லை. இருட்டில் வழி தெரியாமல் இளையோர் 8 பேர் இறந்தார்கள். 2017 செப்டம்பரில் ஹாங்காங் ஓஷன் பார்க்கின் ஹாலோவீன் மாளிகையில் 21 வயது இளைஞர் ஒருவர், இயந்திரம் இயங்கும் பகுதிக்குள் போய்விட்டதில் சவப்பெட்டிப் பொறி மோதி இறந்தார்.

இருட்டு, புகை, வளைந்து வளைந்து போகும் பாதை, கூச்சல்: பேய் மாளிகையின் கவர்ச்சியே இவைதான். ஆபத்து வரும் நேரத்தில் எமனும் இவைதான். நிஜமாகவே ஒருவன் உதவி கேட்டுக் கத்தினாலும், அதுவும் நாடகம் என்று எல்லாரும் சிரிப்பார்கள். அவசர வழி எத்தனை, ஊழியர் எங்கே நிற்கிறார், விளக்கை உடனே போட முடியுமா என்று குழுவாகப் போகிறவர்கள் முன்கூட்டியே கேட்பது நல்லது.

வேடம் போடுகிறவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் பலர் பகுதி நேர வேலைக்கு வந்த மாணவர்களாக இருக்கலாம். பயத்தில் ஓங்கிக் குத்துகிறவனிடம் அடி வாங்குவது அந்தப் பிள்ளைகள்தான்.

6. எதை வைத்துப் பயமுறுத்துவது?

2016-இல் அதே நாட்ஸ் பூங்கா, மனநல மருத்துவமனையைக் களமாக வைத்து ஒரு பேய்க் காட்சி தயாரித்தது. மனநோயாளிகளின் குடும்பங்களும் அவர்களுக்கான அமைப்புகளும் எதிர்த்தன. பூங்கா முதலில் பெயரை மாற்றியது, பிறகு காட்சியையே எடுத்துவிட்டது. எதிர்த்தவர்கள் சொன்னது நியாயம். நம் அண்ணனோ அத்தையோ மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது, அந்த நோயை அரக்கனாகக் காட்டிக் காசு வாங்கினால் மனம் பொறுக்குமா? தோட்டங்களில் மனநோயை "பேய் பிடிச்சிருக்கு" என்று சொல்லி டாக்டரிடம் காட்டாமலே விட்ட குடும்பங்கள் உண்டு. அந்த எண்ணத்துக்கு இது எண்ணெய் ஊற்றும்.

இதே அளவுகோல் சமயச் சின்னத்துக்கும் பொருந்தும். காளியம்மன் உருவத்தையோ உடுக்கைச் சத்தத்தையோ விபூதிக் கோலத்தையோ பேய்க் காட்சிக்கு அலங்காரமாக வைத்தால், மரியாதையாக எழுதிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. பிற சமயத்தார் சின்னத்தை வைத்தாலும் அதே குரலில் கேட்க வேண்டும். அப்போதுதான் நம் பேச்சுக்கு எடை இருக்கும்.

7. என்ன முடிவு எடுக்கலாம்?

குடும்பப் பூங்கா பேய் இரவே நடத்தக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நான்கு நிபந்தனை வேண்டும். தனி நேரம், தனி டிக்கெட். வயது வரம்பு வாசலிலேயே பார்க்கப்பட வேண்டும். நடுவில் பயந்தவர் வெளியேற வழி இருக்க வேண்டும். நோயையும் சமயத்தையும் கேலிப் பொருள் ஆக்கக் கூடாது. இவை இல்லாத இடத்தில் 'குடும்ப' என்ற பெயரை எடுத்துவிடுவதே நேர்மை.

நம் கிளைகளுக்கு ஒரு யோசனை. 12 வயதுக்குக் கீழ் யாரையும் பேய் இரவுக்கு அழைத்துப் போக வேண்டாம். 13 முதல் 15 வரை, பெற்றோரில் ஒருவர் கூட வந்தால் மட்டும். அதற்கு மேல் உள்ளவர்கள் வீட்டில் சொல்லிவிட்டுப் போகட்டும். உள்ளே போக மறுக்கும் பிள்ளையை யாரும் இழுக்கக் கூடாது, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. இன்னொன்று, பஸ் திரும்பி பெடாஸ் லிங்கி டோல் தாண்டும்போது நள்ளிரவு ஆகிவிடும். மறுநாள் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். தீபாவளிச் செலவு மாதத்தில் டிக்கெட் காசு எல்லா வீட்டுக்கும் சுலபம் இல்லை. காசு இல்லாத பிள்ளை, "எனக்குப் பிடிக்கல" என்று பொய் சொல்லி ஒதுங்கும்படி விடாதீர்கள். எல்லாரும் வர முடிகிற பகல் சுற்றுலா ஒன்றையும் அதே ஆண்டில் வையுங்கள்.

கலந்துரையாடலுக்கு

1. நீங்கள் சின்ன வயதில் பயந்த ஒன்று எது? அந்தப் பயம் போனது எப்படி? யார் உதவினார்கள்?
2. முனீஸ்வரன் உருவத்துக்கும் பேய் மாளிகை உருவத்துக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் பயமாகத்தானே இருக்கின்றன?
3. உங்கள் தங்கை, "நானும் வரேன்" என்று அழுகிறாள். வயது 8. பெற்றோர், "கூட்டிட்டுப் போயேன்" என்கிறார்கள். என்ன சொல்வீர்கள்?
4. ஒரு பூங்கா நிர்வாகத்துக்கு, மேலே சொன்ன நான்கு நிபந்தனை பற்றி அரைப் பக்கக் கடிதம் எழுதுங்கள். திட்ட வேண்டாம், கேளுங்கள்.

செய்து பார்க்க

அடுத்த கூட்டத்துக்கு முன் தோட்டத்தில் வேலை செய்த ஒரு தாத்தாவிடமோ பாட்டியிடமோ உட்கார்ந்து, இருட்டில் மரம் வெட்டப் போன காலத்தில் எதற்குப் பயந்தார்கள், பயத்தை எப்படித் தாண்டினார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள். நல்ல கதைகளைத் தீபாவளி நிகழ்ச்சியில் மேடையில் சொல்ல வைப்போம். சின்னப் பிள்ளைகளும் உட்கார்ந்து கேட்கட்டும், பெரியவர்கள் மடியில்.